ரிவால்வருக்குச் சந்தனம் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயுத பூஜை வந்தால் லைசென்ஸ் ரிவால்வர் இருக்கிற வீடுகளில் அதையும் பீரோவிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாள் மேலாகத் துடைத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன், துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதனால் தெரிந்தவர்கள் வாட்ஸப்பில் படம் அனுப்பி "சார், இது என்ன கறை?" என்று கேட்பார்கள். வேறென்ன, துருதான். சந்தனத்தின் ஈரம் ஹேமர் (தோட்டாவை அடிக்கிற சுத்தி) இடுக்கிலும், தோட்டாக்கள் நிற்கிற சிலிண்டர் சுழல்கிற அச்சிலும் இறங்கிவிடும், துணி அங்கே போகாது. கும்பிட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சந்தனப் பொட்டைத் துப்பாக்கிப் பெட்டியின் மேல் வையுங்கள். ரவுண்டை, அதாவது தோட்டாவை, எடுத்து வேறிடத்தில் பூட்டிவிட்டுப் பூஜைக்கு வையுங்கள், வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருப்பார்கள்.

சென்னைக் காற்றில் உப்பு இருக்கிறது, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். இந்த ஊரில் ரிவால்வரைத் தோல் உறையோடு வருஷக்கணக்கில் பீரோவில் போட்டு வைப்பது அதைக் கெடுக்க நல்ல வழி, ஏனென்றால் தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். உறை வெளியே போகும்போது மட்டும் போதும். வீட்டில் இருக்கும்போது லேசாக எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் பக்கத்தில் போட்டுப் பூட்டி வையுங்கள்.

நான் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 அளவு ரிவால்வர்தான். பழைய வெப்லி (பிரிட்டிஷ் ரிவால்வர்) அமைப்பில், மேல்பக்கம் இருக்கிற கொக்கியைத் தளர்த்தினால் பேரல் (குண்டு வெளியேறுகிற குழல்) முன்பக்கம் மடிந்து சிலிண்டர் பின்புறம் திறந்துகொள்ளும் வகை. இதில் ஒரு வசதி, பேரலைப் பின்பக்கத்திலிருந்தே பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யலாம், வாய்ப்பக்கம் தேயாது. முதலில் சிலிண்டரின் ஆறு அறைகளும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், பார்த்தபிறகு இன்னொரு தரம் பாருங்கள். நீங்கள் வேலை செய்கிற ரூமிலேயே ரவுண்டு இருக்கக் கூடாது. சாப்பாட்டு மேஜை வேண்டாம், கரியில் ஈயம் இருக்கும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எல்லோரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. காலித் தோட்டாக்களை வெளியே தள்ளுகிற நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் போய் உட்கார்ந்துகொள்ளும். தகடு முழுசாக உட்காராது, ரவுண்டு ஒரு மயிரிழை வெளியே நிற்கும், சிலிண்டர் இறுகும். சில பேர் இதைப் பார்த்து "பார்ட் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் அந்த அடிப்பக்கத்தைத் தட்டிவிட்டாலே பாதி நேரம் சரியாகிவிடும். எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய் மாதிரி மெல்லியது, அதுவும் ஓரிரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்காகிவிடும். சிலிண்டர் அறைக்குள் எண்ணெய் தேங்க விடாதீர்கள், தோட்டாவின் பின்புறத்துக்குள் கசிந்தால் அது வெடிக்காமலே போகலாம்.

சரி, உண்மையிலேயே தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? காலித் துப்பாக்கியில் ஹேமரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், ஹேமர் பின்னால் போய் நிற்கிறபோது சிலிண்டரும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் நின்றால் அறை பேரலுக்கு நேராக இல்லை என்று பொருள், அப்படியே சுட்டால் ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில்கூடப் படும். இழுத்து நிறுத்திய ஹேமர் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாலே விழுந்தால் அதை அன்றோடு பயன்படுத்தாதீர்கள், அது மிக மோசமான கோளாறு. சிலிண்டர் முன்னும் பின்னும் ஆட்டம் கொடுப்பது, மடிகிற கீல் தளர்ந்திருப்பது, ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிற முனை) பட்ட தடம் ஆழமில்லாமல் தோட்டா வெடிக்காமல் போவது, இவையும் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டியவைதான். அப்புறம், பயிற்சிக் களத்தில் ஒரு ரவுண்டு வழக்கத்தைவிடச் சோர்ந்த சத்தத்தில் போனால் அடுத்ததைச் சுடவே கூடாது, முந்தைய குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

தேய்ந்த பாகத்தை மாற்றுவது யார் என்பதில்தான் எனக்கும் தெரிந்தவர்களுக்கும் சண்டை. "ஒரு ஸ்பிரிங் தானே சார், நீங்களே போட்டுக் கொடுங்க" என்பார்கள். போட மாட்டேன். வேலை தெரியும், லைசென்ஸ் கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் கேட்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை. உதிரி பாகமும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஆயுதம்தான், தெரிந்த லேத் பட்டறையில் கடைந்து வாங்கினால் கடைந்தவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஹேமரும் ட்ரிகரும் ஒன்றையொன்று பிடிக்கிற அந்த முனையில் உப்புத்தாள் போட்டு இரண்டு இழுப்பு இழுத்தாலே போதும், பை அதிர்ந்தால் வெடிக்கிற துப்பாக்கி தயார். ட்ரிகர் லேசாக வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், கோபம்தான் வருகிறது. பழுதுபார்க்கிற லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொடுங்கள், துப்பாக்கி எண் எழுதிய ரசீது வாங்குங்கள், தொழிற்சாலை பாகம்தான் போட்டாரா என்று கேளுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

முன்பு லைசென்ஸ் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 2019இல் அது 5 ஆண்டு ஆனது. வீட்டுக்காரர்களுக்கு வசதிதான், ஆனால் அந்த 5 ஆண்டில் துப்பாக்கியை விவரம் தெரிந்த ஒருவர்கூடத் திறந்து பார்க்காமல் போகலாம். மாநகருக்குள் லைசென்ஸ் தருகிற அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு, காவல்துறையிலேயே ஆர்மரர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டு, சிலிண்டர் பூட்டுகிறதா, ஹேமர் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து "பழுது, டீலரிடம் போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் பெரிய உதவி. பெரிய செலவும் கிடையாது.

அதுவரை ஒன்று செய்யலாம். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், பல வாரம் அங்கேயே கிடக்கும். கொடுப்பதற்கு முந்தின நாள் சுத்தம் செய்து எண்ணெய் தடவிக் கொடுங்கள், திரும்ப வாங்கும்போது ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அங்கிருப்பவரிடம் சொல்லிவிட்டுத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர்,
ஆவடி, சென்னை