சுமை எல்லோருக்கும் சமமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பொருளாதாரப் பக்கத்தில் வந்த நிபுணரின் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். டிரம்ப்பின் வரி, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகள், உலக வட்டி வீதங்கள் என்று பெரிய விஷயங்கள் எல்லாம் இருந்தன. எனக்குப் புரிந்த அளவில் நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு வரி. இலங்கையின் கடன் மறுசீரமைப்பில், அதாவது கட்ட முடியாமல் போன கடனின் நிபந்தனைகளை மாற்றி எழுதியதில், எல்லாத் தரப்பும் சுமையைச் சமமாகத் தாங்கிக்கொண்டதாகவும், மற்ற நாடுகள் நம்மைப் பார்த்துப் படிக்கலாம் என்றும் போகிற போக்கில் எழுதிவிட்டு அவர் அடுத்த பந்திக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. உங்கள் நிபுணருக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

2023 ஜூன் கடைசி. ஹஜ் பெருநாள், அதற்கு மறுநாள் விசேட வங்கி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு, திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை). ஐந்து நாள் வங்கிக் கதவு திறக்கவில்லை. ஹட்டன் டவுனில் நகையை மீட்க வந்தவர்கள் பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த இடைவெளியில்தான், ஜூலை 1ஆம் திகதி சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை நிறைவேற்றியது. தொழிலாளர் ஓய்வு காலத்துக்காகச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதி, தன்னிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் புதிய முறிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். புதியவற்றுக்கு 2025 வரை 12 வீத வட்டி, அதன் பிறகு 9 வீதம். கடைசி முறி முதிர்வது 2038இல். விருப்பம் இல்லாவிட்டால் மாற்றாமல் இருக்கலாம், ஆனால் முறி வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 ஆகும். இதைத்தான் அன்றைக்கு விருப்பத்தின் பேரிலான பரிமாற்றம் என்று உங்கள் பத்திரிகையிலேயே வேறொரு நிபுணர் பாராட்டி எழுதினார்.

சரி, மற்றவர்களின் முறிகள்? வங்கிகளுடையதைத் தொடவில்லை. தொட்டால் வங்கி ஆடும், வங்கி ஆடினால் வைப்புக்காரர் ஓடுவார், வங்கிகள் ஏற்கெனவே கூடுதல் வரி கட்டுகின்றன என்றார்கள். அந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். தனியார் கம்பனிகளும் பணக்காரர்களும் வைத்திருந்த முறிகளை ஏன் தொடவில்லை என்பதற்கு மட்டும் இன்றுவரை யாரும் எனக்கு விளங்கச் சொல்லவில்லை. திறைசேரி முறிகளில் கைவைத்தது ஓய்வுகால நிதிகளில் மட்டும்தான். 2022 கடைசியில் திறைசேரி உண்டியலில் (அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரம்) காசு போட்டவருக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. அவருடைய உண்டியலையும் யாரும் தொடவில்லை. அந்த வருடம் பூராவுக்கும் சேமலாப நிதி எங்களுக்குத் தந்தது 9 வீதம். அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதமாக இருந்தது. மறு வருடம் 13 வீதம் கொடுத்தார்களே என்று நிபுணர் கேட்பார். கேட்கட்டும். முந்தின வருடம் போனதற்கு யார் பதில் சொல்வது?

வெளிநாட்டு முறிக்காரர்களைப் பற்றியும் அவர் எழுதியிருந்தார், அவர்களும் விட்டுக்கொடுத்தார்களாம். முதலில் அசலில் 27 வீதம் விட்டுக்கொடுத்தது உண்மைதான். ஆனால் 2024 டிசம்பரில் முடிந்த அந்த ஒப்பந்தத்தில், நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நாடு செழித்தால் நியூயோர்க்கில் இருப்பவருக்குப் பங்கு உண்டு. பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவளுக்கு அப்படி ஒரு வரி எந்தக் காகிதத்திலும் இல்லை. அவளுடைய நிதியின் புதிய முறிகளுக்கு 2025க்குப் பிறகு 9 வீதம்தான்.

நான் தோட்ட ஒபிசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் (தொழிலாளர் வேலை நாள், சம்பளப் பதிவேடு) எழுதிய கை இது. மாதா மாதம் சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டி, தோட்டம் போடும் 12 வீதத்தையும் சேர்த்து, சேமலாப நிதிக்கான சி படிவம் நிரப்பிக் கொழும்புக்கு அனுப்பினேன். சம்பள நாளில் ஜன்னலுக்கு வெளியே நின்று, “கிளாக்கரய்யா, இந்த வெட்டுற காசு எங்க போகுது?” என்று கேட்பார்கள். மத்திய வங்கியில் பத்திரமாக இருக்கிறது, வயசானால் வட்டியோடு வரும் என்பேன். சட்டம் அப்படித்தான் சொன்னது. அதே மத்திய வங்கிதான் சேமலாப நிதியையும் பார்த்துக்கொண்டது, அரசாங்கத்தோடு உட்கார்ந்து கடனை எங்கே குறைக்கலாம் என்றும் கணக்குப் பார்த்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ வெட்டுவார்களே, அந்தமாதிரி. தராசு பிடித்தவனே வெட்டினான், எடுத்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு 2024 தொடக்கத்தில் அதே வங்கி தன் ஊழியர்களின் சம்பளத்தை எவ்வளவு உயர்த்திக்கொண்டது, பாராளுமன்றத்தில் எவ்வளவு சத்தம் எழுந்தது என்பதெல்லாம் உங்கள் முதல் பக்கத்திலேயே வந்ததுதான்.

அந்தப் பணத்தைக் கையில் எடுப்பதே எங்கள் பக்கம் ஒரு பெரிய பாடு என்பதை எந்த நிபுணரும் எழுத மாட்டார். எங்கள் டிவிசனில் ஓர் அம்மா. அடையாள அட்டையில் மீனாட்சி, சேமலாப நிதியின் பி அட்டையில் மீனாச்சி, பிறப்புப் பதிவில் ராமாயி. மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, தோட்டத்து ஒபிசில் சீல் வைத்து நான்தான் எழுதிக் கொடுத்தேன். விரலில் மை தேய்த்து அவர் பெருவிரல் வைத்த இடத்தில் ரேகையே விழவில்லை, கொழுந்து ஒடித்து ஒடித்துத் தேய்ந்துபோன விரல். கவுண்டரில் இருந்தவர் மறுபடி வை, மறுபடி வை என்று எரிந்து விழுந்தார். ஒருவழியாக 2022இல் காசு வந்தது. அதற்குள் ஆயிரம் ரூபாய்ச் சீமெந்துப் பை மூவாயிரத்துக்குப் போய்விட்டது. கோதுமை மா கிலோ 400 ரூபாய் வரை ஏறியது. லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறை) பின்னால் ஒரு குசினி கட்டுவதாக இருந்தார். கடைசியில் கூரைத் தகரம் மாற்றியதோடு காசு தீர்ந்தது. அவரும் சமமாகத்தான் தாங்கிக்கொண்டார் போலிருக்கிறது.

நிபுணர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை ஐயா. ஆனால் 2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8 ஆகக் குறைத்தபோது பொருளாதாரம் பறக்கும் என்றவர்கள் யார்? 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தியபோது, தேயிலைச் செடி மஞ்சளாகி நிற்பதை நாங்கள் மலையில் பார்த்துக்கொண்டிருக்க, இயற்கை விவசாயத்தில் உலகத்துக்கே வழிகாட்டி என்று எழுதியவர்கள் யார்? நாணய நிதியத்திடம் போகவே தேவையில்லை என்று 2022 தொடக்கம் வரைக்கும் சாதித்தவர்கள் யார்? பெயர்கள் உங்கள் பழைய பிரதிகளில் இருக்கும். உரத்தைப் பற்றி அப்போது நான் எழுதிய கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கி ஒரு சோதிட விளம்பரத்துக்குக் கீழே போட்டீர்கள். நிபுணருக்கு மட்டும் அரைப் பக்கம், புத்தக அலுமாரிக்கு முன்னால் எடுத்த படத்தோடு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்களான கோட்டாபய, மஹிந்த, பசில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் என்று பெயர் சொல்லியே பொருளாதாரச் சரிவுக்குப் பொறுப்பாளிகள் என்றது. அவர்களில் யாரும் சேமலாப நிதிக் காசை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல.

ஆட்சி மாறியது, அதையும் பார்த்துவிட்டோம். அன்று எதிர்க்கட்சியில் இருந்து இந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள்தான் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். நாணய நிதியத்தின் திட்டம் அப்படியே ஓடுகிறது, 18 வீத வற் வரியும் அப்படியே இருக்கிறது. எங்கள் 9 வீதத்தைப் பற்றி இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் கைச்சாத்திட்டது முந்தைய அரசாங்கம் என்கிறார்கள்.

டிரம்ப் வரியைப் பற்றி நிபுணர் எழுதியதிலும் இதே வாசனை அடிக்கிறது. 2025 ஏப்ரலில் 44 வீதம் என்றார்கள், பேசிப் பேசி ஓகஸ்டில் 20க்கு வந்தது. நம் ஆடைகளுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. அதனால் தொழிற்சாலைகள் செலவைக் குறைக்க வேண்டும், தொழிலாளர் சட்டங்களில் நெகிழ்வு வேண்டும் என்கிறார். என் அண்ணன் மகள் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் ஜுக்கி தையல் மெஷினில் இருக்கிறாள். அவளைப் போல மலையகத்துப் பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர். அவர்களுடைய 8 வீதமும் அதே நிதிக்குத்தான் போகிறது. ஓவர்டைமையும் விட்டுக்கொடுத்து, வட்டியையும் விட்டுக்கொடுத்து, அதற்கு மேல் அவள் எதில் நெகிழ வேண்டும் என்று நிபுணர் தயவுசெய்து ஒரு வரி எழுதலாம்.

என் கோரிக்கை சின்னதுதான். இனிமேல் பொருளாதாரக் கட்டுரை போடும்போது, எழுதியவரின் பட்டங்களுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இவருக்கு அரச ஓய்வூதியமா, வெளிநாட்டு நிறுவனத்தின் டொலர் ஓய்வூதியமா, ஊழியர் சேமலாப நிதியா? அது மரியாதைக் குறைவு என்று தோன்றினால், வருடா வருடம் சேமலாப நிதி அறிவிக்கும் வட்டி வீதத்தையும் அந்த வருடத்துப் பணவீக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, டெண்டர் அறிவித்தல்களுக்கு நடுவில் இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒருமுறை பிரசுரியுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. சுருக்குவதானால் டிரம்ப் பகுதியை எடுத்துவிடலாம், மீனாட்சி அம்மாவின் பகுதியில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
பொகவந்தலாவை.