புது போன் வாங்க வேண்டாம் அப்பா

பெர்லின்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? முதல் விஷயம், புது போன் வாங்க வேண்டாம். வீடியோ காலில் அம்மா முகம் பாதிப் பேச்சில் அப்படியே நின்றுபோனதே, கோளாறு என் வீட்டில்தான்.

நான் இருப்பது பெர்லினின் கிழக்குப் பகுதியான மார்ட்சானில், 11 மாடிக் கட்டடம். கிழக்கு ஜெர்மனி காலத்தில், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் சுவர்களைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டியது. ஒரு ஆணி அடிக்கவே டிரில் மெஷின் வேண்டும். அந்தச் சுவரைத் தாண்டித்தான் வைஃபை வர வேண்டும்.

கூட வேலை செய்யும் பையன், சுற்றியுள்ள வைஃபை சிக்னல்களை அளந்து காட்டும் வைஃபை அனலைசர் ஆப்பைக் காட்டினான். அந்தப் பெயரில் பல இருக்கின்றன. ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம் என்று போட்டிருப்பதைத்தான் எடுத்தேன். இலவசம், விளம்பரமும் கிடையாது. லொகேஷன் கேட்டதும் தயங்கினேன். வைஃபை தேடும் ஆப் எதுவானாலும் ஆண்ட்ராய்டில் அது தேவையாம். இதற்கு இன்டர்நெட் அனுமதியே இல்லை, எதையும் வெளியே அனுப்பாது என்று தெரிந்ததும் சரி என்றேன்.

திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் கூடாரம் கூடாரமாகத் தெரிகிறது. வைஃபை அலைவரிசைகளில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அதற்குள் சேனல் என்று எண் போட்ட பாதைகள் உண்டு. ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 சேனல்கள். நான் இருந்த 6-இல் இன்னும் எட்டு வீடு! நீங்கள் லைன்மேனாக இருந்தபோது கிராஸ் டாக் பற்றிச் சொல்வீர்களே, அது நினைவுக்கு வந்தது. இங்கே அடுத்தவர் பேச்சு கேட்காது. ஒவ்வொருவரும் தன் முறைக்குக் காத்திருந்தே வேகம் போய்விடுகிறது.

சிக்னல் மைனஸ் கணக்கு. பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. சமையலறையில் மைனஸ் 81! ரூட்டர் வாசல் அலமாரிக்குள் அடைந்து கிடந்தது. 10 மீட்டர் கேபிள் வாங்கி ரூட்டரை ஹாலில் உயரமான தட்டில் வைத்தேன். மைனஸ் 58 ஆனது. போனையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினேன், அங்கே கூட்டம் குறைவு.

உங்கள் போனிலும் இந்த ஆப்பைப் போட்டுத் தரத் தங்கச்சியிடம் சொல்லுங்கள். மாடி அறையில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். எண் மெதுவாகத்தான் மாறும், ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நில்லுங்கள்.

அடுத்த ஞாயிறு நம் ஊர் நேரம் இரவு 8 மணிக்குக் கூப்பிடுகிறேன். அம்மா கொல்லைப்புற மல்லிகையைக் காட்டுவதாகச் சொன்னார்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்