போன் இப்போது சரியாக இருக்கிறது

தூத்துக்குடி
16.6.2024, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நல்லா இருக்கிறேன். மாத்திரை தவறாமல் போடுகிறேன். 10ஆம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது என்று செல்வியும் பிள்ளைகளும் 8ஆம் தேதியே சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு தடவை மாவு அரைத்தால் எனக்கு ஒரு வாரம் வருகிறது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன் சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெனி வந்து பார்த்துக் கொடுத்தாள். இனிமேல் நீ கப்பலிலிருந்து மெயில் போட்டால் உடனே எனக்கு வந்துவிடும். நான் போடுவதும் இங்கேயே தங்கிவிடாது. அதனால் நம்பி எழுது. ஒரு வரி எழுதினாலும் போதும்.

என்ன கோளாறு என்று கேட்பாய். ஒத்திசைவு, அதாவது போன் தானாக மெயிலை வாங்குவதும் அனுப்புவதும், நின்றுபோயிருந்தது. அதற்கு இரண்டு இடத்தில் சுவிட்ச் இருக்கிறது. போனின் அமைப்புகளில் கணக்குகள் என்ற இடத்துக்குப் போனால், நம் கூகுள் கணக்குக்குக் கீழே ஜிமெயில், காலண்டர், தொடர்புகள் என்று வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. அது போக, ஜிமெயிலுக்குள்ளேயே மேலே உள்ள மூன்று கோட்டைத் தொட்டு, அமைப்புகளுக்குப் போய், நம் கணக்கைத் தொட்டால் 'ஜிமெயிலை ஒத்திசை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டுக்கு மெயின், அறைக்கு ஒரு சுவிட்ச் என்பது மாதிரி. மெயினை அணைத்துவிட்டு அறையில் எத்தனை தடவை தட்டினாலும் விளக்கு எரியாது. பேட்டரி சேமிப்பைப் போட்டு வைத்தாலும் போன் தானாகப் போய் மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுமாம். உன் போனில் எப்போதும் அந்தப் பேட்டரி சேமிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். எடுத்துவிடு.

வெள்ளிக்கிழமை உனக்கு என்னிடமிருந்து ஒரு ஈஸ்டர் வாழ்த்து வந்திருக்கும். குழம்பாதே. அது மார்ச் 31 அன்று காலைப் பூசை முடிந்து வந்து எழுதியது. 'அனுப்பு' என்று அழுத்தினேன், போய்விட்டது என்றே நினைத்தேன். அது அவுட்பாக்ஸில் 'வரிசையில் உள்ளது' என்று இரண்டரை மாதம் உட்கார்ந்திருக்கிறது. ஒத்திசைவு இல்லாவிட்டால் போகிற கடிதமும் படி தாண்டாது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இதற்குள் செல்வியிடம், நாகர்கோவில் பெரியம்மாவிடம், போனவர் வந்தவரிடமெல்லாம், ஈஸ்டருக்கு வாழ்த்துச் சொன்னதற்குக்கூட என் மகன் ஒரு வார்த்தை பதில் போடவில்லை என்று சொல்லிவிட்டேன். பெரியம்மாவிடம் நேற்றே போன் செய்து தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

என் கணக்கில் இடமும் நிரம்பியிருந்தது. 15 ஜிபி இலவசம், அதில் மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் பங்கு. பிள்ளைகளின் ஆண்டு விழா வீடியோவே பாதி. நிரம்பிவிட்டால் வருகிற மெயிலையும் வாங்காதாம். ஜெனி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழித்தாள். நீ ரெண்டாவது என்ஜினியர் யூனிபார்மில் நிற்கிற படத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். அப்பா இருந்திருந்தால் அதைப் பெரிதாகக் கழுவி ஹாலில் மாட்டியிருப்பார்கள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். உன் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டிருக்கிறாய். நல்லதுதான். நடுக்கடலில் உன் இந்திய சிம்முக்கு ஓடிபி எப்படி வரும்? போன் கைதவறி விழுந்து, வேறொரு போனில் கணக்கைத் திறக்க வேண்டி வந்தால் என்ன செய்வாய்? கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதியில் பேக்கப் கோடு என்று, ஓடிபிக்குப் பதிலாகப் போட 10 எண்கள் தருகிறார்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு எண்ணை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். அந்தப் பத்தையும் தாளில் எழுதி, உன் கப்பல் வேலைச் சான்றுப் புத்தகம் சிடிசி வைத்திருக்கிற பையில் வை. போனுக்குள் படம் பிடித்து வைக்காதே, போன் போனால் அதுவும் போய்விடும். தாளில் எழுது.

அப்பாவின் பழைய மெயில் விஷயம் உனக்கு முழுதாகத் தெரியாது. டிசம்பர் வெள்ளத்தில் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். நீயும் பழைய டப்பாதானே அம்மா, விடுங்க என்றாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை. நம் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டில் மேல் அரிசி மூட்டையையும் உன் சான்றிதழ் பெட்டியையும் ஏற்றினேன். கம்ப்யூட்டர் தரையிலேயே இருந்தது. ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மெயில் என்றால் அது எங்கோ மேலே பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அந்த பிராட்பேண்டுடன் கொடுத்த மெயிலை பாப் முறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முறையில், பிரதியைச் சர்வரில், அதாவது மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரில், விட்டுவை என்று நாமாகச் சொல்லாவிட்டால், மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கியதும் அங்கே அழித்துவிடும். ஐமேப் என்றால் கடிதம் சர்வரிலேயே இருக்கும், போனிலும் கம்ப்யூட்டரிலும் நாம் பார்ப்பது அதன் பிரதி. ஒன்றில் படித்தால் மற்றதிலும் படித்ததாகக் காட்டும். ஜெனி இதைச் சொல்லச் சொல்ல டைரியில் எழுதிக்கொண்டேன், ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995 என்று போர்ட் எண்ணோடு. நீ கேடட்டாகப் போன முதல் கப்பலிலிருந்து அப்பாவுக்கு எழுதியது, ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அப்பா உனக்கு அடித்தது, எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. சேறு வழிய வழிய அதைக் குப்பை வண்டியில் ஏற்றினேன். உன்னிடம் பழைய மெயில் ஏதாவது இருந்தால் அழிக்காதே. எனக்கு ஃபார்வர்டு செய்.

உன் கப்பல் மெயில் எந்த முறையில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள். பேக்கப் கோடு எழுதிவிட்டாயா? மறந்துவிடாதே.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, மறைக்க மாட்டேன். ஏப்ரலில் இறங்கவேண்டியவன் இரண்டு மாதம் நீட்டித்ததை நீ செல்வியிடம்தான் முதலில் சொன்னாய். அவள் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போன வருடம் பனிமய மாதா கோயில் தங்கத் தேர் இழுத்துவிட்டு அடுத்த திருவிழாவுக்கும் இங்கேதான் இருப்பேன் என்றாய். ஜூலை 26 கொடியேற்றம். அம்மாவிடம் சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்தாயா? 34 வருடம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள் நான்.

தம்பி, மேலே எழுதியதில் ஒன்று உண்மையில்லை. அழித்து எழுதலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

போன் கெடவே இல்லை.

மார்ச் 7, வியாழக்கிழமை ராத்திரி செய்தியில் ஏடன் வளைகுடாவில் ஏமன் நாட்டு ஹவுதிகள் ஒரு சரக்குக் கப்பலை அடித்ததைக் காட்டினார்கள். மூன்று பேர் இறந்துவிட்டார்கள், 21 பேரை நம் ஐஎன்எஸ் கொல்கத்தா காப்பாற்றியது என்றார்கள். கப்பல் பெயர் ட்ரூ கான்ஃபிடன்ஸ். உன் கப்பல் இல்லை என்று தெரிந்தும் டிவியை அணைக்க முடியவில்லை. பதினொன்றரை மணிக்குப் போன் 'டிங்' என்றது. எழுந்து போக கால் வரவில்லை. உன் கம்பெனியிலிருந்துதான் என்று நினைத்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் நகைக்கடை விளம்பரம். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நீ போன லீவில் டைரியின் பின் அட்டையில் அம்புக்குறி போட்டு வரைந்து கொடுத்தாயே, அதைப் பார்த்துக்கொண்டே போய் ஒத்திசைவை அணைத்தேன். ஜெனி செய்தது இடத்தைக் காலி செய்ததும் பாப், ஐமேப் சொல்லிக் கொடுத்ததும்தான். சுவிட்சை அணைத்ததும் நான், போட்டதும் நான். அவளிடமும் போன் ரிப்பேர் என்றுதான் சொன்னேன்.

ஜிமெயிலைத் திறந்தால் 'கணக்கு ஒத்திசைவு நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வரும். மூன்று மாதம் அந்த வரியைப் பார்த்துப் பார்த்து மூடினேன். செய்தி வராத வரைக்கும் நீ நன்றாக இருக்கிறாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஏப்ரலில் நீ துறைமுகத்திலிருந்து போனில் கூப்பிட்டபோது லைன் சரியில்லை என்று வைத்தேன் அல்லவா, லைன் நன்றாகத்தான் இருந்தது. 'உங்க போன் என்னம்மா ஆச்சு' என்று நீ கேட்டது ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் உலகப் படத்தில் அந்த இடத்தைக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் இணைப்பது எது? பாப் எல் மாண்டெப். அரபியில் கண்ணீர் வாசல் என்று பொருள் என்று சொல்லிவிட்டு, ஒரு மார்க் கேள்வி, படித்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அதில் ஆள் போவார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

இந்தப் புதன்கிழமை டியூட்டர் என்ற கப்பலை அடித்தது உனக்கே தெரிந்திருக்கும். என்ஜின் ரூமில் ஒருவரைக் காணவில்லை என்று வெள்ளிக்கிழமை படித்தேன். என்ஜின் ரூம் என்ற சொல்லைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சுவிட்சைப் போட்டேன். வட்டம் சுற்றியது. 30 நாளைக்கு உள்ளது மட்டும் முதலில் இறங்கும் என்று வைத்திருக்கிறார்கள் போல, முதலில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. கீழே தள்ளத் தள்ள மற்றவை வந்தன. மொத்தம் 11. எல்லாம் உன் பெயர், எல்லாம் படிக்காததாகத் தடித்த எழுத்தில். கோவா சமையல்காரர் உளுந்து ஊறப்போடத் தெரியாமல் தோசை சுட்டது, காலில் எண்ணெய் கொட்டிக் கொப்புளம் வந்து ஆறியது, ஸ்ரீலங்கா பக்கம் போகும்போது ஒரு மணி நேரம் நம் ஊர் சிக்னல் வருமா என்று மேல்தளத்தில் நின்று பார்த்தது.

மே 28 அன்று எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. 'அம்மா, போன் சரியாச்சா? அடுத்த வாரம் ரூட் மாறலாம்னு சொல்றாங்க. ஒண்ணும் இல்ல, ஒரு வரி மட்டும் எழுதுங்க.' அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. 5ஆம் தேதி செல்விக்கு 'ஆல் ஓகே' என்று மெசேஜ் வந்ததாகச் சொன்னாள்.

நீ அந்த ஒரு வரியைக் கேட்டபோது என் போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது தம்பி. என்னை மன்னித்துவிடு. என் பயத்துக்காக உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

பெரியம்மாவிடம் பேசியபோது, 'தம்பி கப்பல் எந்தப் பக்கமா போகுது' என்று கேட்டாள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகப் போகிறது, ஒரு பத்து நாள் கூட ஆகும், அவ்வளவுதான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் சொன்னது சரிதானா என்று எழுது. சரியில்லை என்றாலும் எழுது, அவளுக்குச் சொல்ல மாட்டேன்.

பேக்கப் கோடு 10ஐயும் தாளில் எழுது. போட்டோ அனுப்பினால் சின்னதாக்கி அனுப்பு, உனக்கு டேட்டா வீணாக வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் பட்ட காலைத் தண்ணீரில் வைக்காதே. மக்ரூன் வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், நமுத்துப் போவதற்குள் வந்துவிட்டால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு வாங்குவேன்.

மெயிலுக்குச் சத்தத்தை முழுதாக வைத்திருக்கிறேன். ராத்திரியும் அணைப்பதில்லை. எந்த நேரமானாலும் போடு.

அன்புடன்
அம்மா