மலையேற்றக் குழு அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

மார்ச் மாதம் நீங்கள் கிளம்பவிருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பயணம் பற்றித்தான் எழுதுகிறேன். வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகலைக் குழுவில் போடுங்கள் என்று கேட்டேன். "எல்லாம் பேசியாச்சு ப்ரோ" என்றீர்கள். யாரிடம் என்று கேட்டதும் குழுவிலிருந்தே தூக்கிவிட்டீர்கள். வேறு வழியில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படிவம் இன்னும் என் போனில் இருக்கிறது. டி-ஷர்ட் அளவு, சைவமா அசைவமா, இன்ஸ்டாகிராம் ஐடி எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ரத்த வகை கேட்கவில்லை. ஏதாவது ஆனால் வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்கவில்லை. பாதை என்ற இடத்தில் 'சர்ப்ரைஸ்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு நெருப்பு எமோஜி வேறு. புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில் மலைச்சரிவுக்கு ஆள் கூட்டிப்போகிறவர்கள் போடுகிற எமோஜியா அது?

தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். பயந்து மேட்டைப் பார்த்து ஓடுகிறவரை அது முந்திவிடும். உள்ளூர் வழிகாட்டிக்கு இது தெரியும். மேப்பைப் பார்த்து முன்னால் நடக்கிறவருக்குத் தெரியுமா? அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் தமிழக அரசே 40 பாதைகளை ஆன்லைன் பதிவில் திறந்துவிட்டது. ஆனால் முறைப்படி போனால் த்ரில் குறைந்துவிடும், இல்லையா? ட்ரோன் விட முடியாது, யானை வரும் தடத்தில் டென்ட் அடித்து ஸ்பீக்கரை அலறவிட முடியாது. அப்புறம் ஊர் திரும்பி "காட்டைக் காப்போம்" என்று ரீல்ஸ் போடுவது எப்படி!

சரி, கோபத்தை விடுகிறேன். நான் கேட்பது அந்த நகல் ஒன்றைத்தான். எந்தப் பாதை, எந்தத் தேதி, எத்தனை பேர், கூட வரும் வழிகாட்டி யார் என்பது அதில் இருந்தால் போதும். கடிதமே இல்லையென்றால் பயணத்தைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். மழைக்காலம் முடிந்த பிறகு போனால் மலையும் பச்சையாக இருக்கும், ஓடையில் தண்ணீரும் கிடைக்கும்.

நான் வரப்போவதில்லை. ஆனால் குழுவில் நிறையப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் வேன் ஏறுவதற்கு முன்பாவது அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிடுங்கள். அப்படியே என் அட்வான்ஸையும் இந்த வாரத்துக்குள் அனுப்பிவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்களால் நீக்கப்பட்ட உறுப்பினர்