14-ஆம் அறைக்காரிக்கு

அடியே,

பெயர் எழுதவில்லை. ஹாஸ்டல் 14-ஆம் அறை என்றால் நம் மற்ற மூன்று பேருக்கும் புரிந்துவிடும். வேறு யாருக்கும் புரிய வேண்டியதில்லை.

இந்தப் பொங்கல் கழிந்து ஏற்காட்டுக்கு நானும் வருகிறேன். என் பங்கை நேற்றே ஜிபே செய்துவிட்டேன். முழுப் பங்கு. ஸ்கிரீன்ஷாட்டை குரூப்பில் போட்டேன், நீல டிக் விழுந்தது. நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

2024 ஜனவரியில் அந்தப் பகல் முழுக்க நன்றாகத்தான் போனது. 20 கொண்டை ஊசி வளைவில் எட்டாவதிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடியது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை, பயப்படாதே. சாயங்காலம் லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் நின்றோம். கீழே சேலம் முழுக்க விளக்கு. "அதோ நம்ம ஹாஸ்டல்" என்று ஐந்து பேரும் ஐந்து திசையில் கை காட்டினோம். புருஷன், பிள்ளை யாரும் கூட இல்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஷால் வேறு. வயிறு வலிக்க நான் சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி.

ராத்திரிக்கு வெளியில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். அந்தக் குளிரில் மிளகுக்கோழி மேசைக்கு வருமுன்பே பாதி ஆறியிருந்தது. இருந்தும் "இன்னொரு தட்டு சொல்லலாமா?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். "சொல்லேன்டி, உனக்கென்ன, உன் பங்கை இவதானே கட்டினா!" என்றாள் நம்மில் ஒருத்தி, உன்னைக் காட்டி. விளையாட்டாகச் சொன்னாள், அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

நீ உடனே ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாய். ஹாஸ்டலில் எனக்குக் காய்ச்சல் வந்தால் செய்வாயே, அதே மாதிரி. வெள்ளை நாரையெல்லாம் நகத்தால் எடுத்து, சுளை சுளையாக என் தட்டோரத்தில் வைத்தாய். வாயே திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நானும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றேன். பத்துச் சுளை. இப்போதும் ஆரஞ்சு வாசனை வந்தால் எனக்கு முகம் சுடுகிறது.

விடியுமுன் பஸ் ஏறியது தப்பு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டுப் போனது அதைவிடத் தப்பு. அம்மா போய் அப்போதே ஆறு வருஷம், காரியத்துக்கு நீயே வந்திருந்தாய். அந்த நேரத்தில் வேறெதுவும் வாயில் வரவில்லை.

ஆனால் நீ செய்தது? அந்தச் சமயம் எங்கள் வீட்டு நிலைமையை இங்கே விளக்க மாட்டேன், இதை எங்கள் சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். "ஐந்து பேர் போனால் ஒருத்திக்கு இலவசமாம், ஆஃபர்டி" என்று நீதான் போனில் கூப்பிட்டாய். பொங்கல் கூட்டத்தில் எந்த ரிசார்ட்டுக்காரன் ஆஃபர் கொடுப்பான்? நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். அந்தப் பொய்க்காக உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். அதை மற்றவளிடம் சொன்னாய் பார், அதைத்தான் விழுங்க முடியவில்லை. கைமாற்றாகவாவது கொடுத்திருந்தால் தலைநிமிர்ந்து வாங்கியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததல்லவா, டிவியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இந்த வருஷம் ஒருத்தியும் போக முடியாது என்று. பாதை சரியாகி நீங்கள் நாலு பேரும் போனீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசையில் நாலே நாற்காலி. நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். அவ்வளவு சிரிப்பு அவசியமா?

சரி, விடு. வெள்ளிக்கிழமை ராத்திரியே சேலம் வந்துவிடுவேன். மறுநாள் மேலே வரும்போது தட்டுவடை செட் பார்சல் கட்டிக்கொண்டு வருகிறேன். நீ காரச் சட்னி இன்னும் சாப்பிடுகிறாயா, இல்லை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டாரா? அதுகூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது. குரூப்பில் வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்.