செந்நாய்க்காக ஒரு வக்காலத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுமலைச் சாலையோரத்தில் செந்நாய்க் கூட்டம் ஒரு புள்ளிமானை அடித்த வீடியோவை வைத்துப் போன வாரம் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். 'ரத்தவெறி', 'ஈவிரக்கமற்ற', 'கொடூரம்' என்று ஒரே செய்தியில் மூன்று வசவு. செந்நாய்களுக்குப் பேப்பர் படிக்கும் பழக்கம் இல்லாததால் அவற்றின் சார்பில் நான் எழுதுகிறேன்.

இந்த விலங்கைப் பற்றி நம் நாட்டில் முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்து சொன்னவர் நம் நாங்குநேரிக்காரர், 2024 ஜூனில் காலமான ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னாலேயே அலைந்தார். விலங்கின் கழுத்தில் மாட்டி அது இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கும் ரேடியோ காலர் நம் காடுகளில் புழக்கத்துக்கு வராத காலம் அது. கண்ணும் காதும் காலும்தான் கருவி.

செந்நாய் ஏன் வயிற்றைக் கிழித்துக் கொல்கிறது? ஒரு செந்நாய் சராசரியாகப் பதினைந்து கிலோதான் இருக்கும். வளர்ந்த புள்ளிமான் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். புலியையும் சிறுத்தையையும் போலத் தனியாகக் குரல்வளையைக் கவ்வி அமுக்கிவைக்க அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் கூட்டமாகத் துரத்திப் பின்பக்கமிருந்து பாய்கிறது. பார்க்கச் சகிக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரத்தம் வடிந்து அதிர்ச்சியில் மான் சீக்கிரமே அடங்கிவிடும். அதற்கு வாய்த்த வழி அது. இதில் வெறி எங்கே வந்தது?

வீடியோவில் வராத பக்கம் ஒன்று உண்டு. குட்டி போட்ட தாயை விட்டுவிட்டுக் கூட்டம் வேட்டைக்குப் போகும். திரும்பி வந்ததும் வயிற்றில் கொண்டுவந்த இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கும் தாய்க்கும் ஊட்டும். பெற்றது யாராக இருந்தாலும் வளர்ப்பது எல்லோரும். கொஞ்சம் வளர்ந்து குட்டிகள் கூடவே வர ஆரம்பித்ததும், அடித்த இரையில் முதல் பந்தி அவற்றுக்குத்தான். பெரியவை சுற்றிக் காவல் நிற்கும். நம் கல்யாண வீடுகளில்கூட இந்த ஒழுங்கைப் பார்க்க முடிவதில்லை!

மானினமே அழிந்துவிடும் என்று உங்கள் நிருபர் கவலைப்பட்டிருக்கிறார். பக்கத்து நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த், மெல் சன்குவிஸ்ட் என்ற இரு விலங்கு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1995-இல் வெளிவந்தது. அங்கே புலி அடித்த இரையின் சராசரி எடை சுமார் 92 கிலோ, செந்நாய்க்கு 43, சிறுத்தைக்கு 38. காட்டெருமையும் கடமானும் பெரும்பாலும் புலியின் பங்கு, புள்ளிமான் மற்ற இரண்டுக்கும் முக்கிய இரை. இரை போதுமான அளவு இருந்தால் மூன்றும் ஒரே காட்டில் பிழைத்துக்கொள்ளும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறு கழுகுகள் உயிரோடு இருப்பதும் இப்படி வேட்டையாடும் விலங்குகள் விட்டுப்போகும் மிச்சத்தால்தான்.

அழிவைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் செந்நாயைப் பற்றித்தான் படவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கொன்று காட்டினால் காசு கொடுத்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வரும்வரை அந்தப் புண்ணியம் தொடர்ந்தது. இன்று உலகம் முழுக்க இனப்பெருக்கம் செய்யும் நிலையில் இருப்பவை 950-லிருந்து 2,200 வரைதான் என்பது இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) மதிப்பீடு. போதாக்குறைக்கு ஊர்நாய்களிடமிருந்து தொற்றும் நோய் வேறு.

நீங்கள் கண்டித்திருக்க வேண்டியது அந்த வீடியோவை எடுத்தவர்களை. காரை நிறுத்தி, ஹாரன் அடித்து, கதவைத் திறந்து ஒருவர் இறங்கியதும் செந்நாய்கள் சீழ்க்கையடித்தபடி இரையை விட்டுப் புதருக்குள் ஒதுங்குவது அதிலேயே தெளிவாகத் தெரிகிறது. விரட்டிய கூட்டம் பசியோடு போய் இன்னொரு மானைத்தானே அடிக்கும்? அடித்த மானைப் பறித்துக் கறியாக்கும் ஆட்களும் இந்தப் பக்கம் உண்டு, அது தனிக்கதை.

சரி, போனது போகட்டும். அடுத்த முறை இப்படி வீடியோ வந்தால், வாசகருக்கு அனுப்புவதற்கு முன்னால் காட்டில் வேலை பார்க்கும் ஒரு ஆய்வாளரிடமோ, முதுமலை வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரிடமோ ஐந்து நிமிடம் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது என்ற விதியையும் செய்திக்குக் கீழே கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கூடலூர், நீலகிரி.