இருபத்திரண்டு மணி நேரம் தாமதமான தந்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனைப் பற்றி 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை இன்று யாரும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டியதில்லை, 1992இல் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்த படத்தைப் பார்த்தாலே போதும் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. படத்தை மூன்று முறை பார்த்தும் சலிக்காத நான், அக்கருத்தை ஏற்க இயலாமல் இதை எழுதுகிறேன்.

அந்நாவலில் கதைசொல்லி என்று தனியாக ஒருவர் கிடையாது. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், ஒரு கப்பலின் பதிவேடு ஆகியவற்றை அடுக்கியே கதை முழுவதும் சொல்லப்படுகிறது. இதைப் பலரும் பழங்கால உத்தி என்று தள்ளிவிடுகிறார்கள்; எனக்கோ அச்சமே அந்தக் காகிதங்களுக்கு நடுவில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. செப்டம்பர் 17ஆம் தேதி, டிராகுலாவுக்கு இரையாகிவரும் இளம்பெண் லூசியின் வீட்டில் இன்றிரவு தவறாமல் இருக்க வேண்டும் என்று, அவளுக்குச் சிகிச்சை தரும் பேராசிரியர் வான் ஹெல்சிங் ஆன்ட்வெர்ப்பிலிருந்து மருத்துவர் சீவர்டுக்குத் தந்தி அடிக்கிறார். முகவரியில் மாவட்டத்தின் பெயர் விடுபட்டதால் அது சசெக்ஸுக்குப் போய்ச் சுற்றி, 22 மணி நேரம் கழித்துக் கைக்கு வருகிறது. அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரியில் ஸ்டோக்கர் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். காவலுக்கு ஆளில்லாத அந்த இரவில்தான் சன்னலை உடைத்துக்கொண்டு ஓநாய் தலைநீட்டுகிறது, லூசியின் தாய் அதிர்ச்சியில் உயிர்விடுகிறார். அதே தேதியில், உன் திருமணம் எப்போது, என்ன உடுத்தப்போகிறாய் என்று ஆவலோடு கேட்டுத் தோழி மீனா எழுதிய கடிதத்தின் தலைப்பில், லூசி அதைப் பிரிக்கவே இல்லை என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது.

படத்தில் லூசியின் முடிவும் மீனாவின் திருமணமும் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. டிராகுலா பிரபுவின் நிழல் உடலை விட்டுத் தனியே அசையும் காட்சியும் அப்படியே. ஆனால், நமக்குத் தெரிந்துவிட்ட ஒன்று கடிதம் எழுதுபவளுக்குத் தெரியவில்லையே என்ற தவிப்பு அங்கே இல்லை. போதாக்குறைக்கு, ஆசிரியரின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய அப்படம், நாவலில் மருந்துக்கும் இல்லாத ஒரு காதலை மீனாவுக்கும் டிராகுலாவுக்கும் இடையில் புகுத்தியிருக்கிறது. நாவலில் அவன் அவளை வலுக்கட்டாயமாகத் தன் ரத்தத்தைக் குடிக்க வைக்கிறான். அவள் தன்னைத் தீட்டுப்பட்டவளென்று கதறுகிறாள்.

வெயில் பட்டால் டிராகுலா அழிந்துவிடுவான் என்று ஸ்டோக்கர் எழுதியதாகக் கட்டுரையாளர் குறிப்பிட்டதும் பிழை. அது 1922இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்திலிருந்து பரவிய வழக்கம். நாவலில் மீனாவின் கணவன் ஜோனதன் ஹார்க்கர் அவனை லண்டன் பிக்கடில்லியில் பட்டப்பகலில் பார்க்கிறான். கொப்போலாவின் படத்திலும் அவன் பகலில் நடமாடத்தான் செய்கிறான் என்பதால், கட்டுரையாளர் அந்தப் படத்தையும் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.